சாகசப் பயணத்தை மேடையில் எப்படிச் சொல்வது?

கேள்வி: கல்லூரி மாணவர்களிடம் துருவப் பயணி ஷாக்கிள்டனின் அண்டார்டிகப் பயணத்தைப் பற்றி உரையாற்றவிருக்கிறேன், அண்டார்டிகாவைக் குறுக்கே கடக்க எண்ணி, அந்த இலக்கை எட்டாத ஒருவரின் கதை ஊக்கம் தருமா?

பதில் 1: தாராளமாகத் தரும், ஐயா. 1915இல் அவருடைய எண்டூரன்ஸ் கப்பல் பனியில் நொறுங்கி மூழ்கிய பின், 22 பேரை எலிஃபண்ட் தீவில் விட்டுவிட்டு, ஐந்து தோழர்களுடன் ஏழு மீட்டர்கூட இல்லாத படகில் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் கடந்து உதவி தேடித் தெற்கு ஜார்ஜியா தீவை அடைந்தார். மூன்று மீட்பு முயற்சிகள் தோற்று, நான்காவதில்தான், 1916 ஆகஸ்ட் 30 அன்று, அந்த 22 பேரையும் உயிருடன் மீட்டார்.

பதில் 2: அந்தத் தோல்விகளை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள், அவையைக் கட்டிப்போடுவது அந்தக் காத்திருப்புதான். பயணக்குழுவின் புகைப்படக்காரர் ஹர்லியின் படங்களையும் காட்டுங்கள்: சுமையைக் குறைக்க, படம் பதிந்த நூற்றுக்கணக்கான கண்ணாடித் தகடுகளைப் பனியிலேயே உடைத்தெறிந்து, சுமார் 120 மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

பதில் 3: ஒன்று மட்டும்: யாருமே இறக்கவில்லை என்று சொல்லிவிடாதீர்கள் (பலரும் சொல்கிறார்கள்), அதே பயணத்துக்காகக் கண்டத்தின் மறுபக்கம் சென்ற ராஸ் கடல் பிரிவில் மூவர் உயிரிழந்தார்கள்.