போரில் ஆளைக் கொன்றவரின் குற்ற உணர்வு: வழக்கமான பி.டி.எஸ்.டி சிகிச்சை போதுமா?

வைகைக்கரை:
வணக்கம். வியட்நாம், இராக் போர்களிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களைப் பற்றி எம்.எஸ்சி உளவியலுக்கு ஆய்வேடு எழுதுகிறேன். பி.டி.எஸ்.டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனக்கோளாறு, உயிர்பயத்தால் வருவது என்றே படித்திருக்கிறோம். தானே சுட்டுக் கொன்றவருக்கு வருவதும் அதுதானா? சிகிச்சை எங்கே மாறுகிறது?

மனநலன்:
அறிகுறிகள் பெரும்பாலும் ஒன்றுதான், வேர் வேறு. இராக்கிலிருந்து திரும்பிய 2,797 வீரர்களை வைத்து உளவியலாளர் ஷீரா மாகுவென் குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வில், 40 சதவீதம் பேர் தாங்கள் கொன்றதாகவோ ஒரு சாவுக்குப் பொறுப்பென்றோ சொன்னார்கள். எவ்வளவு சண்டையைப் பார்த்தார்கள் என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும், இவர்களிடம் பி.டி.எஸ்.டி அறிகுறி, குடி, கோபம், உறவுச் சிக்கல் எல்லாமே கூடுதல்.

ஆபத்து போய்விட்டது என்று உடம்புக்குத் திரும்பத் திரும்பப் பழக்கினால் பயம் தணியும். 'நான்தான் சுட்டேன்' என்பதோ நடந்த உண்மை. நினைவை நூறு தடவை சொல்ல வைத்தாலும் அது மாறாது. வியட்நாம் வீரர்களுக்குச் சிகிச்சை தந்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே 'மாரல் இஞ்சுரி' (மனசாட்சிக்கு ஏற்படும் காயம்) என்று எழுதியபோது மேலதிகாரிகள் செய்த துரோகத்தையே முக்கியமாகச் சொன்னார். உளவியலாளர் பிரெட் லிட்ஸ் குழு 2009-ல் தானே செய்த செயலையும் அதில் சேர்த்தது. உங்கள் ஆய்வேட்டில் இந்த இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

தெற்குவாசல்:
சிகிச்சை பற்றி. மாகுவென் குழுவின் 'இம்பாக்ட் ஆஃப் கில்லிங்' (கொன்றதன் தாக்கம்) முறை, பி.டி.எஸ்.டிக்கான சிகிச்சை ஒன்றை முடித்தவர்களுக்கு அதற்கு மேல் தருவது. 2017-ல் வந்த முன்னோட்டச் சோதனையில் 33 பேர். வாரத்துக்கு ஒரு அமர்வு, ஆறு முதல் எட்டு வாரம். கொன்ற பிறகு உடம்பும் மனமும் என்ன செய்யும் என்று விளக்குவதில் தொடங்கும். அந்தச் சாவுக்கு அவர் என்ன அர்த்தம் கொடுத்து வைத்திருக்கிறார் என்று பார்ப்பது அடுத்தது. பிறகு தன்னை மன்னிப்பது, மன்னிப்புக் கடிதம் எழுதுவது, ஈடுசெய்யும் திட்டம்.

பெரும்பாலும் சிக்குவது மன்னிப்பில்தான். 'என்னை மன்னித்துக்கொண்டால் செத்தவனை மறந்ததாகிவிடும்' என்று நினைக்கிறார்கள். அதை முதலில் பேசித் தீர்க்காமல் கடிதம் எழுதச் சொன்னால் வெறும் சடங்காக நாலு வரி வரும்.

இன்னொரு தவறு, முதல் நாளே 'கடமையைத்தானே செய்தீர்கள்' என்று தேற்றுவது. 'இதைக் கேட்க இவருக்குத் தெம்பில்லை' என்று முடிவுகட்டி அவர் வாயை மூடிக்கொள்வார். எத்தனை பேர் என்றும் கேட்காதீர்கள். எதற்காகக் கேட்கிறோம், சொன்னது யார் காதுக்குப் போகும், போகாது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் கேள்வியே.

சோதனைச் சாவடியில் ஒரு கார் நிற்காமல் வருகிறது, சுடுகிறார், கதவைத் திறந்தால் உள்ளே குடும்பம். ஒரு தாளில் கோடு போட்டு, விசையை அழுத்தும்போது அவருக்குத் தெரிந்தது இந்தப் பக்கம், கதவைத் திறந்த பிறகு தெரிந்தது அந்தப் பக்கம் என்று எழுத வையுங்கள். பின்னால் தெரிந்ததை முன்னாலேயே தெரிந்ததாக எண்ணித் தன்னைத் தண்டிப்பது அப்போது அவர் கண்ணுக்கே படும். சரணடைந்தவரைச் சுட்டவருக்கு இதைச் செய்யக் கூடாது. அங்கே குற்ற உணர்வு சரியானது. பொறுப்பை ஏற்கவைத்து, ஈடுசெய்யும் வேலைக்குத்தான் நகர வேண்டும்.

பழஞ்சுவடி:
ஒரு வரலாற்றுக் குறிப்பு. இங்கிலாந்தில் நடந்த 1066 ஹேஸ்டிங்ஸ் போருக்குப் பிறகு, வென்ற நார்மன் படைக்கே திருச்சபை பரிகாரம் விதித்தது. கொல்லப்பட்ட ஒவ்வோர் ஆளுக்கும் ஓராண்டு. எண்ணிக்கை தெரியாதவர்களுக்கு ஆயுள் முழுக்க வாரம் ஒரு நாள். அம்பு யார்மீது பட்டதென்றே தெரியாத வில்லாளிகளுக்குக்கூடத் தனிக் கணக்கு. வியட்நாம் வீரர்களுக்கு அப்படி ஒரு சடங்கும் இல்லை. அங்கே 12 மாதம் முடிந்ததும் வீரரைத் தனியாளாக விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். கூடச் சண்டை போட்டவர்களோடு பேசி ஆறவும் வழியில்லை.

வைகைக்கரை:
மிக்க நன்றி. மாத்திரைகள் உதவுமா?

மனநலன்:
மனச்சோர்வுக்கும் தருகிற செர்ட்ராலின், பராக்ஸெட்டின் இரண்டும் அறிகுறிகளைக் குறைக்கலாம், குற்ற உணர்வுக்கென்று மருந்து இல்லை. கெட்ட கனவுக்குத் தந்துவந்த பிராசோசின், 2018-ல் வந்த பெரிய சோதனையில் போலி மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. மருந்தைவிட அவசரமானது ஒன்று உண்டு. வியட்நாம் வீரர்களில் கொன்ற அனுபவம் அதிகம் உள்ளவர்களிடம் தற்கொலை எண்ணத்துக்கான வாய்ப்பு இரட்டிப்பாக இருந்தது. அமெரிக்க வீரர் என்றால் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். இருந்தால் தோட்டாவை எடுத்துவிட்டுத் துப்பாக்கியைப் பூட்டி, தோட்டாவை வேறிடத்தில் வைத்து, சாவியை நம்பகமான ஒருவரிடம் கொடுக்க அவரைச் சம்மதிக்க வையுங்கள்.