அப்பாவின் கல்வெட்டில் என்ன எழுதுவது?

வெள்ளவத்தை மகள்:
வணக்கம். அப்பா காலமாகி மூன்று கிழமை ஆகிறது. வயது 84. கொழும்பில், பொரளை கனத்தை மயானத்தில் தகனம் செய்தோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கல்வெட்டு, அதாவது நினைவு மலர், கொடுக்க வேண்டும். பஞ்சபுராணம், சிவபுராணம், வம்சாவளி எல்லாம் ஆயத்தம். இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவைத் தெரிந்த ஐயா ஒருவர் எழுதித் தருகிறார். 'வாழ்க்கை வரலாறு' பக்கங்கள் மட்டும் வெறுமையாக இருக்கின்றன.

அப்பா எந்தச் சங்கத்திலும் பதவி வகிக்கவில்லை. புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதினார். கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் அண்ணா 'சமூக சேவையாளர்' என்று போடச் சொல்கிறார். வெள்ளிக்கிழமைகளில் மயூராபதி அம்மன் கோவிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வருவார், அவருடைய வெளியுலகம் அவ்வளவுதான். இல்லாததை அவர் பெயரில் அச்சடிக்க மனம் வரவில்லை. 'பாசமிகு தந்தை' என்று மட்டும் எழுதினால் அது எல்லார் வீட்டு அப்பாவுக்கும் பொருந்தும். உங்கள் வீடுகளில் என்ன செய்தீர்கள்?

அச்சுக்கூடத்தான்:
ஆழ்ந்த அனுதாபங்கள், தங்கச்சி. கொட்டாஞ்சேனையில் ஒரு அச்சகத்தில் கல்வெட்டுகளுக்குப் பக்கம் அமைப்பது என் வேலை. பாதிப்பேர் ஒரு பழைய கல்வெட்டைக் கொண்டுவந்து, பெயரையும் திகதியையும் மாற்றித் தரச் சொல்வார்கள். தேவாரம் மாறத் தேவையில்லை, சரி. வரலாறும் அதேபோல இருந்தால் அந்த மனிதர் எங்கே?

பதவியைத் தேட வேண்டாம். அவர் காலையில் எழுந்தது முதல் படுத்தது வரை ஒரு நாளை எழுதுங்கள். கடை, தெரு, ஆண்டு எல்லாம் போடுங்கள். நூலகம் இணையத்தளத்தில் நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறார்கள். நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு கணக்குப்பிள்ளை எப்படி வாழ்ந்தார் என்று பிற்காலத்தில் தேடுகிறவர்களுக்கும் அது பயன்படும்.

ராணி அன்ரி:
மகள், அம்மா இருக்கிறாவா? இருந்தால் அவவைக் கதைக்க விட்டுப் போனில் பதிவு செய்யுங்கோ. நாங்கள் என் வீட்டுக்காரர் போனபிறகு பிள்ளைகளை மட்டும்தான் கேட்டோம், அவருடைய தங்கச்சியைக் கேட்கவில்லை. 83 இனக்கலவரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்? எங்கள் வயது ஆம்பிளைகளின் கதை அங்கேதான் திரும்பும்.

வெள்ளவத்தை மகள்:
அன்ரி, நேற்று இரவே அம்மாவைக் கேட்டேன். விடிய விடியச் சொன்னா.

83 ஜூலையில் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமிலிருந்து எங்களைக் கப்பலில் யாழ்ப்பாணப் பக்கம் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். எனக்கு விவரம் தெரியாத வயது. ஊரில் வருமானம் இல்லாததால் அப்பா தனியாகக் கொழும்புக்குத் திரும்பினார். கடை எரிந்து பேரேடும் போய்விட்டது. யார் எவ்வளவு தரவேண்டும் என்பதை நினைவிலிருந்தே ஒரு சீ.ஆர். கொப்பியில் (தடித்த அட்டைக் குறிப்பேடு) எழுதி, முதலாளியோடு குருநாகல், மாத்தளைப் பக்கம் கடை கடையாகப் போனாராம். பெரும்பாலான சிங்கள, முஸ்லிம் வியாபாரிகள் மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். 'பிள்ளை எழுதினால் சரியாகத்தான் இருக்கும்' என்றாராம் ஒரு முதலாளி. இது எங்கள் யாருக்குமே தெரியாது! அண்ணாவுக்கும் தெரியாது.

1990இல் யாழ்தேவி ரயில் நின்றபிறகு அவர் ஊருக்கு வருவது மிகவும் அரிது. வெள்ளவத்தையில் ஒரு அறையை இன்னும் சிலரோடு பகிர்ந்துகொண்டு, தானே சமைத்துச் சாப்பிட்டு, மிச்சம் பிடித்ததை அனுப்புவார். கிளாலிக் கடலால் படகில் யாழ்ப்பாணத்துக்கு யாராவது போகிறார்கள் என்றால் சவர்க்காரம், கொப்பிகள், எங்களுக்குச் செருப்பு. அளவு தெரிய வேண்டுமே, அதனால் அம்மா எங்கள் பாதங்களைக் கடதாசியில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து கடிதத்தோடு அனுப்புவா. அந்தக் கடதாசிகள் முழுவதும் அவருடைய தகரப்பெட்டியில் இருந்தன. ஒவ்வொன்றிலும் பெயர், திகதி, விலை. அவர் பார்க்காத ஆண்டுகளில் நாங்கள் வளர்ந்த அளவெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

95இல் போரால் யாழ்ப்பாணச் சனம் இடம்பெயர்ந்த பிறகுதான் நாங்கள் கொழும்பு வந்தோம், ஒரு வீட்டோடு சேர்ந்த அனெக்ஸில் இருந்தோம். தினமும் வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குக் கடற்கரை ரயிலில்தான் வேலைக்குப் போவார். பின்னேரம் பேத்தியை ரியூஷனுக்குக் கூட்டிப்போய், முடியும்வரை வாசலிலேயே நிற்பார். இவைதான் என்னிடம் உள்ளவை.

அச்சுக்கூடத்தான்:
இதை அப்படியே எழுதுங்கள், தங்கச்சி. அண்ணாவுக்கும் அனுப்புங்கள், அவருடைய பாதமும் அந்தப் பெட்டியில் இருக்குமே. கொப்பிக் கதையை அம்மா சொன்ன வார்த்தையிலேயே போடுங்கள், நீங்கள் திருத்த வேண்டாம்.

வெள்ளவத்தை மகள்:
அண்ணாவோடு இப்போதுதான் கதைத்தேன். போனில் அழுதார். 'சமூக சேவையாளர்' வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். பாதக் கடதாசிகளில் இரண்டை நடுப்பக்கத்தில் போட விருப்பம். பென்சில் கோடு மங்கிவிட்டது, அச்சில் வருமா?

அச்சுக்கூடத்தான்:
வரும். போனில் படம் எடுக்காமல் ஸ்கேன் செய்யுங்கள், கலரில் செய்யுங்கள். கோட்டை நாங்கள் கறுப்பாக்கித் தருவோம். அசல் கடதாசியை எந்த அச்சகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள், கையோடு கொண்டுபோய்விடுங்கள்.