பயாஸில் எக்ஸ்எம்பியும் இல்லை, எஸ்எஸ்டியும் தெரியவில்லை

மண்டபத்துக்காரன்: ஐ7-13650எச்எக்ஸ் லேப்டாப். டிடிஆர்5-5600 ராம் போட்டும் வேகம் 4800தான் காட்டுகிறது. ராம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்எம்பி அமைப்பும் பயாஸில் (லேப்டாப் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) இல்லை. விண்டோஸ் நிறுவும் திரையில் எஸ்எஸ்டியே வரவில்லை. என்ன செய்யலாம்?

கீழக்கரை: ராமில் பழுதில்லை அண்ணே. அந்தப் பிராசசரின் வரம்பே 4800. எக்ஸ்எம்பி தேடி அலையாதீர்கள். எஸ்எஸ்டி தெரியாததற்குக் காரணம் பெரும்பாலும் விஎம்டி (எஸ்எஸ்டியைக் கையாளும் இன்டெல் அமைப்பு, பயாஸில் இருக்கும்). அதற்கான இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரைத் தனிக் கோப்புகளாகப் பிரித்துப் பென்டிரைவில் போட்டு, அதே திரையில் ‘லோட் டிரைவர்’ கொடுங்கள்.

தொண்டி: விஎம்டியை அணைத்தாலும் தெரியும். ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் லேப்டாப்பில் சும்மா அணைத்தால் நீலத்திரைதான். பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) சாவியைக் குறித்துக்கொண்டு, எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் சேஃப் பூட் டிக் செய்து, பயாஸில் விஎம்டியை அணைத்து, ஒருமுறை உள்ளே போனபின் டிக்கை எடுங்கள்.

பாம்பன்: ராம் முனைகளையும் பாருங்கள், நம் உப்புக்காற்றில் பச்சை பூக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள்.