பழைய வேதக்கோயிலில் தறி போடுவது பற்றி

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கமுங்க.

ரோட்டோரம் புதுக்கோயில் கட்டியதிலிருந்து பழைய வேதக்கோயில் (சர்ச்) பூட்டியே கிடக்கிறது. அதை வாடகைக்குப் பிடித்து எட்டுத் தறி ஓட்டலாம் என்று மாமா எழுதியிருந்தார். மாமா கோவித்துக்கொள்ளக் கூடாது, எனக்கு அது சரியாகப் படவில்லை. தறி ஓடுகிற அதிர்வுக்குச் சுண்ணாம்புச் சுவர் எத்தனை நாள் தாங்கும்? ஓடு நழுவும், மழை இறங்கும், அப்புறம் கூரைச் சட்டம் உளுத்துவிடும்.

நான் இருக்கும் நெதர்லாந்தில் மூடிய சர்ச்சுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆம்ஸ்டர்டாமில் பாரடிசோ என்று ஒன்று, 1968 முதல் கச்சேரிக்கூடம். எனக்குப் பிடித்தது மாஸ்ட்ரிக்ட் ஊரில் இருப்பது. 13ஆம் நூற்றாண்டில் தொமினிக்கன் துறவிகள் கட்டிய கோயில் அது. இடையில் சைக்கிள் போட்டு வைக்கும் இடமாகக்கூட இருந்திருக்கிறது. 2006இல் புத்தகக்கடை ஆக்கினார்கள். கடைக்குத் தரை போதவில்லை. அதற்காகக் கூடத்தைத் தடுத்து மாடி கட்டவில்லை. ஒரு பக்கமாக மட்டும் கறுப்பு இரும்பில் அடுக்கு நிறுத்தி, படி வைத்து மேலே ஏறவிட்டார்கள். மறுபக்கம் நின்றால் கூரை வரை வெறிச்சென்று தெரியும். நாளைக்கே இரும்பைக் கழற்றினாலும் கல்தூண் அப்படியே இருக்கும். பீடம் இருந்த பக்கம் காபிக்கடை. எங்கள் அப்புச்சி பார்த்திருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் காபி குடிக்கப் போயிருப்பார்.

போன தையில் ஊருக்கு வந்தபோது சாவி வாங்கித் திறந்து பார்த்தேன். வௌவால் நாற்றம். உடைந்த ஓட்டு வழியாக விழுந்த வெயில், தரையில் தட்டம் அளவுக்கு வட்டமாகக் கிடந்தது. சுவரில் யாரோ சிமெண்ட் பூசிய இடத்தில் மட்டும் ஓதம் ஏறிப் பொரிந்திருக்கிறது. சுண்ணாம்பு அப்படியே இருக்கிறது.

படிப்பகம் வைக்கலாம் என்பது என் யோசனை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இப்போது பஸ் ஏறி டவுனுக்குப் போகிறார்கள். பழைய பெஞ்சே போதும், அலமாரியைச் சுவரில் ஆணி அடிக்காமல் தனியாக நிறுத்தினால் சரி. பின்னால் இருக்கும் கல்லறைப் பக்கம் யாரும் கை வைக்க வேண்டாம். கட்டடம் சபைக்குச் சொந்தம், அதனால் முதலில் ஆயரையும் சபைப் பெரியவர்களையும் பார்த்துக் கேட்க வேண்டும். ஊரில் இருக்கிற அண்ணன்மார் யாராவது போய்ப் பேசினால் நல்லது.

அவர்கள் சரியென்றால், ஐப்பசி மழைக்கு முன்னால் ஓடு மாற்றும் செலவில் பாதி என்னுடையது. பழைய ஓடுதான் பொருந்தும். யாராவது ஓட்டுச் சாளை வீடு பிரிக்கிறார்கள் என்றால் சொல்லுங்க.