வண்டியா, ஓட்டுறவரா? ஓர் ஆறு கார் பஞ்சாயத்து

ஹலசூரு பாண்டி | இரவு 7:10
எங்கள் பெங்களூர் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெரியவர் இன்று எழுதுகிறார்: "வெர்ஸ்டப்பன் காரை சில்க் போர்டு ஆட்டோக்காரரிடம் கொடுங்கள், அவரும் சாம்பியன்தான்." அதற்குப் பன்னிரண்டு பேர் கைதட்டல் பொம்மை வேறு. காலையிலிருந்து வயிறு எரிகிறது. 2023 ஃபார்முலா ஒன் கார் ரேஸில் ரெட் புல் டீமுக்கு இரண்டு பேர் ஓட்டினார்கள். வெர்ஸ்டப்பன் 19 ரேஸ் ஜெயித்து 575 புள்ளி. பெரெஸ் 2 ரேஸ், 285 புள்ளி. பாதியைக்கூடத் தொடவில்லை. ஒரே வண்டி. மிச்சப் புள்ளி எங்கிருந்து வந்தது, ஆட்டோ மீட்டரிலிருந்தா?

ஜேசி ரோடு தாஸ் | 7:31
பாண்டி, பாதிகூட எடுக்காத அந்தப் பெரெஸ்தான் அந்த வருஷம் சாம்பியன்ஷிப்பில் ரெண்டாவது. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! பாதி வேலை செய்தவரே மற்ற டீம்காரர்கள் அத்தனை பேரையும் முந்துகிறார் என்றால் அது எப்பேர்ப்பட்ட வண்டி? முப்பது வருஷமாக ஸ்பேனர் பிடிக்கிறேன், எனக்கு வந்து பாடம் எடுக்கிறீர்கள். 2008இல் ஜென்சன் பட்டன் ஹோண்டாவில் வருஷம் முழுக்க ஓட்டி 3 புள்ளி. ஹோண்டா கடையைச் சாத்தியதும் டீம் தலைவர் ராஸ் பிரான் டீமை எடுத்தார், பின்னால் காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் ரெண்டடுக்கு டிஃப்யூசர் வைத்தார். 2009இல் அதே பட்டன் முதல் 7 ரேஸில் 6 ஜெயித்து சாம்பியன். குளிர்கால லீவில் காலில் திறமை முளைத்ததா? ஓட்டுறவர்தான் எல்லாம் என்றால் நம்ம நரேன் கார்த்திகேயன் ஏன் ஜெயிக்கவில்லை?

பீளமேட்டான் | 7:38
ஏனுங்க தாஸ், பட்டனைப் பேசினால் பட்டனோடு நிறுத்துங்க. நரேனை எதுக்கு இழுக்கறீங்க? 2005 அமெரிக்கா இண்டியானாபொலிஸ் ரேஸில் நாலாவது. ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த ஒரே இந்தியர், கோயமுத்தூர்க்காரர். அதுவும் ஜோர்டான் என்கிற அந்த ஓட்டை வண்டியில்.

ஜேசி ரோடு தாஸ் | 7:40
அந்த ரேஸில் ஓடியதே ஆறு கார்.

பீளமேட்டான் | 7:41
நாலாவது நாலாவதுதான்.

விவேக்நகர் வாசி | 7:52
விவரம் தெரியாதவர்களுக்கு: வெள்ளிக்கிழமை பயிற்சியில் 13ஆவது வளைவில் ரால்ஃப் ஷூமாக்கர் டயர் போய் சுவரில் மோதினார். அந்தச் சாய்ந்த வளைவில் எங்கள் டயர் தாங்காது என்று டயர் கம்பெனி மிஷெலின் கை விரித்துவிட்டது. ஞாயிறன்று சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டு மிஷெலின் போட்ட 14 காரும் பிட்டுக்குள், அதாவது டீம் பட்டறைப் பக்கம், போய்விட்டன. மிச்சம் பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு. ரெண்டு ஃபெராரி, ரெண்டு ஜோர்டான், ரெண்டு மினார்டி. ஜனங்கள் டிராக்கில் பாட்டில் வீசினார்கள்.

ஜேசி ரோடு தாஸ் | 7:55
கேட்டுக்கொள்ளுங்கள். ஆறில் நாலு. எங்கள் தெரு ஓட்டப் பந்தயத்தில் இதற்கு சோப்பு டப்பாகூடக் கொடுக்க மாட்டார்கள்.

பீளமேட்டான் | 8:03
ரெண்டு மினார்டி பின்னால் வந்ததா இல்லையா? 5 புள்ளி கொடுத்தார்களா இல்லையா? ஓடாமல் உள்ளே போனது மற்றவர் தப்பு. பரீட்சைக்கு வராதவன் ஃபெயில், வந்து எழுதினவன் பாஸ். அப்புறம், மெல்போர்னில் முதல் ரேஸிலேயே 12ஆவதாகத் தொடக்க வரிசையில், அந்தக் கிரிட்டில், நின்றாரே, அது யார் உங்க மாமனாரா?

ஹலசூரு பாண்டி | 8:06
நான் கேட்டது வெர்ஸ்டப்பன் பற்றி.

ஜேசி ரோடு தாஸ் | 8:09
மெல்போர்னில் மழை வந்து மைக்கேல் ஷூமாக்கரே கடைசியில் கிடந்த நாள் அது. அதை விடுங்கள். இண்டியானாபொலிஸில் மூணாவது யார்? டியாகோ மான்டெய்ரோ. எந்த வண்டி? அதே ஜோர்டான். அதே டீம், அதே டயர், உங்கள் ஆளுக்கு ஓர் இடம் முன்னால். பரிசு மேடையில் ஏறி அவர் ஒருத்தர்தான் துள்ளிக் குதித்துக் கொண்டாடினார். வருஷக் கடைசியில் மான்டெய்ரோ 7, நரேன் 5. இப்போது வண்டியைக் குறை சொல்லுங்கள் பார்ப்போம்.

இந்திராநகர் சுபா | 8:15
தாஸ் அண்ணா, ஒரு நிமிஷம். வண்டிதான் முக்கியம் என்று ஆரம்பித்தது நீங்கள். இப்போது ஒரே வண்டியில் ரெண்டு பேரை வைத்து ஓட்டுறவரை எடை போடுவதும் நீங்கள். பாண்டி முதலில் சொன்னதும் இதைத்தானே?

ஜேசி ரோடு தாஸ் | 8:17
சுபா மேடம், நான் பொதுவாகச் சொன்னது வேறு, இவருக்குச் சொன்னது வேறு. ஆறு கார்.

பீளமேட்டான் | 8:18
நாலாவது.

பொம்மனஹள்ளி ரவி | 8:24
முதலில் திறமை என்று எதைச் சொல்கிறோம்? ஒரு சுற்று வேகமா, டயரைத் தேயாமல் பார்த்துக்கொள்வதா, மழையில் ஓட்டுவதா? அதை முடிவு செய்துகொண்டு பேசினால் நல்லது.

பீளமேட்டான் | 8:25
ரவி, நீங்க அப்புறம் வாங்க.

இந்திராநகர் சுபா | 8:40
நம்ம ஊர் டீமையே எடுத்துக்கொள்ளுங்களேன். 2009, பெல்ஜியத்தில் ஸ்பா ரேஸ். ஃபோர்ஸ் இந்தியாவில் ஃபிசிகெல்லா போல் பொசிஷன், அதாவது கிரிட்டில் முதல் இடம், ரேஸில் ரெண்டாவது. அது வரை அந்த டீம் ஒரு புள்ளிகூட எடுத்ததில்லை. ரைக்கோனன் ஃபெராரியில் கூடுதல் சக்தி தரும் கெர்ஸ் பொத்தானை அமுக்கித்தான் முந்தினார். அடுத்த ரேஸிலிருந்து ஃபிசிகெல்லாவையே ஃபெராரி கூப்பிட்டுக்கொண்டது. 5 ரேஸ் ஓட்டினார். எத்தனை புள்ளி? பூஜ்யம்.

ஹலசூரு பாண்டி | 8:44
அதே ஃபெராரியில்தான் ரைக்கோனன் ஸ்பாவை ஜெயித்தார். ஆக ஓட்டுறவர்தான். நன்றி சுபா.

ஜேசி ரோடு தாஸ் | 8:45
அதே ஃபிசிகெல்லாதான் ஃபோர்ஸ் இந்தியாவில் ரெண்டாவது வந்தார். ஆக வண்டிதான். நன்றி சுபா.

விவேக்நகர் வாசி | 8:51
அது என்ன "நம்ம ஊர் டீம்"? ஓனர் பெங்களூர்க்காரர், சரி. வண்டி செய்தது இங்கிலாந்தில், சில்வர்ஸ்டோனில். ஒரு போல்ட்டாவது நம்ம பீன்யா பட்டறைகளில் செய்தார்களா?

இந்திராநகர் சுபா | 8:53
கொடியில் இந்தியா என்று இருந்தது. எனக்கு அது போதும். உங்களுக்கு வேண்டாம் என்றால் விடுங்கள்.

விவேக்நகர் வாசி | 9:12
சரி, நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஹென்னூர் பக்கம் குட்டி ரேஸ் கார் ஓட்டும் ஒரு கார்ட்டிங் டிராக்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகை கார்ட் ஓட்டுவேன். "எல்லா வண்டியும் ஒன்றுதான் சார்" என்பார் டிக்கெட் கொடுக்கும் பையன். சுத்தப் பொய். மூணாம் நம்பரில் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கும், இறங்கும்போது இடது தோள் கழன்றுவிடும். ஏழாம் நம்பர் வெண்ணெய். பின் சக்கரம் வளைவில் சின்னதாக வழுக்கி, தானே நேராகிவிடும். அதே நான், அதே 84 கிலோ, மூணுக்கும் ஏழுக்கும் ஒரு சுற்றுக்கு ஒன்றரை செகண்ட் வித்தியாசம். தினமும் வருகிறவர்கள் ஏழு காலியாகும் வரை ஷூ லேஸ் கட்டுவதுபோல் குனிந்தே நிற்பார்கள்.

ஜேசி ரோடு தாஸ் | 9:15
இதைத்தான் ஏழரை மணியிலிருந்து சொல்கிறேன்.

ஹலசூரு பாண்டி | 9:20
வாசி, அந்த ஏழாம் நம்பரில் வேறொருவர் உங்களைவிட வேகமாகப் போனதே இல்லையா?

விவேக்நகர் வாசி | 9:22
ஒரு பள்ளிக்கூடப் பையன் போனான். அவன் 45 கிலோ. அது கணக்கில் வராது.

ஹலசூரு பாண்டி | 9:26
எல்லாவற்றுக்கும் ஒரு சாக்கு! தாஸ் அண்ணே, உங்களுக்கும் ஒன்று. வண்டிதான் முக்கியம் என்கிறவர் போன வருஷம் என் ஸ்கூட்டரில் என்ன செய்தீர்கள்? கிளட்ச் மாற்றினேன் என்று 2,800 வாங்கினீர்கள். ஹெப்பால் மேம்பாலம் ஏறும்போது இன்னும் இருமுகிறது.

ஜேசி ரோடு தாஸ் | 9:31
அது ஓட்டுறவர் கோளாறு. பாதி கிளட்ச் பிடித்தே சிக்னலில் நின்றால் எந்த பிளேட் தாங்கும்?

இந்திராநகர் சுபா | 9:32
பாருங்கள், மறுபடி ஓட்டுறவர்!

பீளமேட்டான் | 9:48
எல்லாரும் பேசி முடிச்சாச்சா? நரேனுக்கு நல்ல வண்டி யாரும் கொடுக்கவில்லை. 2005இல் ஜோர்டான், 2011, 2012இல் எச்.ஆர்.டி. டீம். ஜார்ஜ் ரசல் கதை தெரியுமா? வில்லியம்ஸ் டீமில் ரெண்டு வருஷம் ஒரு புள்ளி இல்லை. 2020 பஹ்ரைன் சாகிர் ரேஸில் மெர்சிடிஸ் ஹாமில்டனுக்குக் கொரோனா. ரசலைக் கூப்பிட்டு அந்தக் காரில் உட்கார வைத்தார்கள். இடம் பத்தாமல் சைஸ் குறைந்த ஷூவில் காலை நுழைத்துக்கொண்டு ஓட்டினார். கிரிட்டில் ரெண்டாவது, ரேஸில் முன்னால் ஓடினார். டீம் டயரை மாற்றிப் போட்டுக் கெடுத்தது, அப்புறம் பஞ்சர். அந்த ஒரு நாள் நரேனுக்குக் கிடைத்திருந்தால்? கிடைக்கவில்லை. கிடைத்த ஆறு காரில் நாலாவது வந்தார். வாயால் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது புரியாது.

ஜேசி ரோடு தாஸ் | 9:53
ஆறு கார் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். அது போதும். மாநில எல்லையில் அத்திப்பள்ளி தாண்டி வீடு வைத்துக்கொண்டு பெங்களூர்க்காரர் என்று சொல்லும்போதே தெரியும், கணக்கில் கொஞ்சம் தாராளம் என்று.

பீளமேட்டான் | 9:55
வீட்டைப் பற்றிப் பேசாதீங்க. தைரியம் இருந்தால் ஞாயிறு அந்த ஹென்னூர் டிராக்குக்கு வாங்க. பத்து சுற்று. நேருக்கு நேர்.

ஜேசி ரோடு தாஸ் | 9:56
வருகிறேன். ஏழாம் நம்பர் எனக்கு.

பீளமேட்டான் | 9:57
அதெப்படி? கூப்பிட்டது நான். ஏழு எனக்கு.

ஹலசூரு பாண்டி | 9:58
பீளமேட்டாரே, திறமை இருந்தால் மூணாம் நம்பரில் ஓட்டிக் காட்டலாமே?

பீளமேட்டான் | 9:59
தோள்பட்டை ஏற்கெனவே வலி. ஏழு கிடைத்தால் வருகிறேன், இல்லையென்றால் அடுத்த வாரம் பார்க்கலாம்.

விவேக்நகர் வாசி | 10:04
ஞாயிறு ஏழாம் நம்பர் என்னுடையது. டிராக் திறப்பதற்கு முன்பே கேட்டில் நிற்பேன். நீங்கள் ரெண்டு பேரும் மூணையும் அஞ்சையும் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஜேசி ரோடு தாஸ் | 10:05
அஞ்சு எப்படி ஓடும்?