இரண்டு யாகி ஆண்டெனாக்களை அடுக்க கேபிளை எந்த நீளத்தில் வெட்டுவது?

நாகை அலைவரிசை:
வணக்கம். 145 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் வானொலிக்கு 7 எலிமென்ட் (குறுக்குக் கம்பி) யாகி இரண்டு வைத்திருக்கிறேன். இரண்டும் 50 ஓம் இம்பிடன்ஸ் (மின்மறுப்பு), கிடைமட்டம். ஒரே கம்பத்தில் 2 மீட்டர் இடைவெளியில் மேலும் கீழுமாக ஏற்றப் போகிறேன். கடல் தாண்டி இலங்கை நிலையங்களைப் பிடிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இரண்டையும் ரேடியோவுக்குப் போகும் ஒரே 50 ஓம் கேபிளோடு சேர்க்க, ஒவ்வொன்றுக்கும் 75 ஓம் கேபிளில் கால் அலைநீளத் துண்டு என்றால் 34 செ.மீ. வருகிறது. அது கம்பத்தைக்கூட எட்டாதே! கையில் இருப்பது டிவிக்கான ஆர்ஜி-6.

மொட்டைமாடி ஆண்டெனா:
தம்பி, கால் அலைநீளத்தின் ஒற்றைப்படை மடங்கு எதுவானாலும் 50 ஓம் 112.5 ஓமாக மாறும். அப்படி இரண்டு டீ கனெக்டரில் இணையாகச் சேர்ந்தால் 56 ஓம். எஸ்.டபிள்யூ.ஆர். (பொருத்தத்தின் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.13, அது போதும்.

நீங்கள் சொல்லும் 34 செ.மீ. திட பாலிஎத்திலீன் கேபிளின் கணக்கு. அதன் வேகக் காரணி (கேபிளில் அலை ஒளிவேகத்தில் எத்தனை பங்கு வேகத்தில் போகிறது என்பது) 0.66. ஆர்ஜி-6 உள்ளே நுரை. 0.82 என்று வைத்தால் மூன்று மடங்கு 1.27 மீ., ஐந்து மடங்கு 2.12 மீ. கேபிளைக் காற்றில் தொங்கவிடாமல் பூமை (எலிமென்ட்களைத் தாங்கும் நடுக்குழாயை) ஒட்டியே கம்பத்துக்குக் கொண்டுவாருங்கள். பூமில் 60 செ.மீ., கம்பத்தில் 1 மீ. என்றால் 1.27 எட்டாது. ஐந்து மடங்குதான் சரி. மிச்சத்தைப் பூமோடு கட்டிவிடலாம்.

ஆனால் 0.82 என்பதை நம்பி வெட்டாதீர்கள். 0.85 ஆக இருந்தால் 8 செ.மீ. தவறிவிடும். 2.30 மீட்டரில் வெட்டி, மறுமுனையைத் திறந்தே விட்டு நானோவிஎன்ஏ என்ற கையடக்க அளவுக் கருவியில் பாருங்கள். இம்பிடன்ஸ் 145க்கு அருகே எந்த அதிர்வெண்ணில் அடிமட்டத்துக்கு இறங்குகிறதோ அதை நீளத்தால் பெருக்கி 145ஆல் வகுத்தால் வேண்டிய நீளம் கிடைக்கும். இரண்டு துண்டுகளும் ஒரே சுருளிலிருந்து வரட்டும். அவற்றுக்குள் 1 செ.மீ. வித்தியாசம் இருந்தால் 2 டிகிரிதான். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

உப்புக்காற்று:
கடலோரத்தில் இருக்கிறீர்கள், டீ கனெக்டரை ரப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றுங்கள். ஆர்ஜி-6இன் பின்னல் பெரும்பாலும் அலுமினியம், ஈயம் பிடிக்காது. கிரிம்ப் கனெக்டர்தான் போட வேண்டும்.

மொட்டைமாடி ஆண்டெனா:
முக்கியமானதை விட்டுவிட்டேன். காமா மேட்ச் (கேபிளை ஆண்டெனாவோடு பொருத்தும் பக்கக் கம்பி) இரண்டிலும் ஒரே பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு ஒன்று இடம், ஒன்று வலம் அமைந்துவிட்டது. எஸ்.டபிள்யூ.ஆர். அருமையாகக் காட்டியது, நேர் எதிரே இருந்த நிலையம் மட்டும் காணாமல் போனது. 180 டிகிரி எதிராகிவிட்டால் முன்னால் போக வேண்டிய அலைகள் ஒன்றையொன்று அழித்துவிடும். காரணம் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாலைகள் ஆயின.

நாகை அலைவரிசை:
மிக்க நன்றி அண்ணா. 2.30 மீட்டரில் 134.2 மெகாஹெர்ட்ஸ் காட்டியது. கணக்குப்படி 2.13 மீட்டருக்கு வெட்டினேன். இப்போது 29, 87, 145 மூன்றிலும் இறங்குகிறது. நீங்கள் சொன்ன பிறகு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். மேல் ஆண்டெனாவின் காமா மேட்ச் எதிர்ப்பக்கம்தான் இருக்கிறது. நாளைக் காலை வெயிலுக்கு முன் இறக்கித் திருப்பி மாட்டுகிறேன். 73, வாழ்த்துகள்.