கலைச்சொல் தேவை: பந்தயக்காரர் பிரித்துவைக்கும் பணத்துக்கு

லண்டனிலிருந்து:

வணக்கம். இங்குள்ள ஒரு கடன் ஆலோசனை நிலையத்துக்காகச் சிறு கைநூல் ஒன்றைத் தமிழாக்குகிறேன். கால்பந்து, கிரிக்கெட் பந்தயத்தில் புதிதாக இறங்கும் இளையோருக்கானது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'பாங்க்ரோல்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். ஒரு தடவை கட்டும் தொகை அல்ல அது. பந்தயத்துக்கென்றே பிரித்துவைத்த மொத்தப் பணம். 200 பவுண் வைத்திருப்பவர் ஒரு பந்தயத்தில் நூற்றுக்கு இரண்டு, அதாவது 4 பவுண் கட்டலாம். அது 150 ஆகக் குறைந்தால் 3 பவுண். விட்டதைப் பிடிக்க இரட்டித்துக்கொண்டே போனால் 4, 8, 16, 32, 64 என்று ஐந்தே தோல்வியில் 124 போய்விடும். ஆறாவதற்கு 128 வேண்டும், மிச்சம் 76தான். 'பந்தயப் பணம்', 'பணயம்' இரண்டும் கட்டும் தொகையோடு குழம்புகின்றன. என்ன சொல்லலாம்?

மதுரையிலிருந்து:

அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறது. சூது அதிகாரத்தில் 933ஆம் குறளைப் பாருங்கள். கவறு, அதாவது சூதாடு காய், உருள வருவது 'உருளாயம்'. சூதாடியை விட்டுப் போவது 'பொருளாயம்'. பொருளாயம் என்றே வையுங்கள். ஆயம் என்றால் வருவாய்; ஆநிரையும் ஆயம், தலைவியின் தோழியர் கூட்டமும் ஆயம். 'ஆ'விலிருந்தே செல்வத்துக்கு இப்பெயர் வந்தது என்பது என் நெடுநாள் கருத்து. மாடு என்றாலே செல்வம் அல்லவா?

நாகர்கோவிலிலிருந்து:

ஐயா, பொருளாயம் உம்மைத்தொகை. பொருளும் ஆயமும் என்று இரண்டாகத்தான் பரிமேலழகர் உரை கொள்கிறார். வருவாய் என்ற பொருளில் வடமொழியிலும் 'ஆய' இருக்கிறதே, பசுவை எங்கே கட்டுவது? ஆங்கிலச் சொல் சுருட்டிவைத்த நோட்டுக்கட்டைக் குறித்தது. 'பணச்சுருள்' போதும். எங்கள் பக்கம் கல்யாண வீட்டில் கொடுக்கும் பணத்துக்குச் 'சுருள்' என்றே பெயர்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

கல்யாணச் சுருளைச் சூதுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. 'கைமுதல்', 'கையிருப்பு' இரண்டும் சந்தைக்காரருக்கும் விளங்கும். எளிய சொல் இருக்க, குறள்வரை ஏன் போகவேண்டும்?

லண்டனிலிருந்து:

எல்லாவற்றையும் நேற்று ஒரு தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். பெட்டிங் சொப்புக்குப் பக்கத்துக் கடையில் வேலை செய்கிறார். சனிக்கிழமைகளில் பந்தயம் கட்டுவார். பொருளாயம் என்றதும், "பொருளாதாரமோ அக்கா?" என்றார். கைமுதல் என்றதும், "அப்ப லாபம் எப்ப வரும்?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைப் பயமுறுத்தியது. முதல் என்றால் வியாபாரம், வியாபாரம் என்றால் வரவு என்று மனம் ஓடிவிடுகிறது. கையிருப்பு என்றேன், போனைத் திறந்து வங்கிக் கணக்கைக் காட்டினார். வாடகையும் அம்மாவுக்கு அனுப்பவேண்டியதும் அதற்குள்தான் கிடந்தன.

பிரித்தானியாவில் கடன் அட்டையால் பந்தயம் கட்டுவதை 2020 ஏப்ரலில் தடைசெய்துவிட்டார்கள். வாடகைக் காசைப் பந்தயத்தில் கட்டுவதற்குத் தடை ஏதும் இல்லை. ஆகவே, 'இது போனாலும் வீடு நடக்கும்' என்பது சொல்லைக் கேட்டவுடனே தெரிய வேண்டும். 'பந்தய ஒதுக்கம்' என்று போடலாமா?

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கள் கணக்கீட்டுப் பாடத்தில் 'ஒதுக்கம்' இலாபத்திலிருந்து எடுத்துவைப்பது. மாணவர் குழம்புவர். என்றாலும் அந்தத் தம்பிக்கு விளங்கினால் சரி, போடுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து:

சுருளை விட்டுக்கொடுக்கிறேன். 'ஒதுக்குப் பணம்' என்றால் இன்னும் பேச்சுக்கு அருகில் வரும். எதுவானாலும் முதல் பக்கத்திலேயே ஒரு வரி விளக்கம் வேண்டும்.

மதுரையிலிருந்து:

ஒதுக்கம் என்றால் மறைவிடமும்தான். பொருளாயத்தை விட எனக்கு உடன்பாடில்லை. போகக்கூடிய பணம் என்ற குறிப்பு அந்தக் குறளிலேயே இருக்கிறது. அடைப்புக்குறிக்குள்ளாவது சேருங்கள், அம்மா. ஆயத்தைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.